லேப்டாப் வைஃபை கார்டை மாத்தலாமா வேண்டாமா

அக்கா பொண்ணு பிசிஏ படிக்கிறா. அவ கைல இருக்கறது 2016ல வாங்குன 15 இன்ச் லேப்டாப், ஆறாம் தலைமுறை ஐ3. எஸ்எஸ்டி ஏற்கனவே போட்டாச்சு, ரேமை 8 ஜிபி ஆக்கியாச்சு, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரோட சப்போர்ட்டும் முடிஞ்சு போச்சு, அந்த ப்ராசசருக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது, அதனால லினக்ஸ் மின்ட் ஏத்தி குடுத்திருந்தேன். நல்லா ஓடுது. போன வாரம் போன் பண்ணி, "மாமா எல்லாம் ஓகே, நெட்டு மட்டும்தான் இழுக்குது, சாயங்காலம் ஆனா கிளாஸ் வீடியோ சுத்திக்கிட்டே நிக்குது, புதுசு வாங்கிடலாம்னு அம்மாகிட்ட நீங்க சொல்லுங்களேன்"ன்னு கேட்டா. நல்லா ஓடுற ஒரு மெஷினை நெட்டு வரலங்கற ஒரே காரணத்துக்காக ஓரமா தூக்கி வைக்கறதுல எனக்கு மனசே இல்ல. வைஃபை கார்டை மாத்துனா போதுமான்னு பாத்து சொல்றேன்னு சொன்னேன். அத எப்படி முடிவு பண்ணோம்ங்கறத இங்க கொஞ்சம் விரிவாவே எழுதறேன், ஏன்னா இதே மாதிரி லேப்டாப் நிறைய வீட்டுல இருக்கு, கடைல போய் கேட்டா பாதி பேர் "புதுசு வாங்கிடுங்க சார்"னுதான் சொல்றாங்க.

எந்த கார்டு வாங்கறதுன்னு தேடறதுக்கு முன்னாடி, இப்ப இருக்கற கார்டுதான் தடையான்னு தெரியணும். இத பண்ணாம காச செலவு பண்ணாதீங்க. அவங்க வீட்டு ப்ளான் 100 எம்பிபிஎஸ், ரவுட்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ்னு ரெண்டு பேண்டும் (அலைவரிசை) உள்ளது, வைஃபை 5 வரைக்கும் வரும் (இந்த 5 வைஃபையோட தலைமுறை எண், கிகாஹெர்ட்ஸ் இல்ல). லேன் கேபிளை லேப்டாப்ல சொருகி பாத்தோம், 94 வந்துச்சு. அந்த காலத்து லேப்டாப்ல நிறைய 100 எம்பிபிஎஸ் லேன் போர்ட்டுதான், அதுல 94க்கு மேல வராது, ஆக லைன்ல குறை இல்ல. அதே டேபிள்ல அவ போன் 5 கிகாஹெர்ட்ஸ்ல 90க்கு மேல காட்டுது, ஆக ரவுட்டர் மேலயும் குறை இல்ல. லேப்டாப் வைஃபைல மட்டும் காலைல 35, 38, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல பத்துக்கும் கீழ.

அப்புறம் லினக்ஸ்ல ஒரு கமாண்ட் இருக்கு, ஐடபிள்யூ டெவ்னு ஆரம்பிச்சு நடுவுல வைஃபையோட பேரைப் போட்டு கடைசில லிங்க்னு முடியும், அத அடிச்சு பாக்க சொன்னேன். (விண்டோஸ்ல இருக்கறவங்க கமாண்ட் ப்ராம்ப்ட்ல நெட்ஷ் டபிள்யூலேன் ஷோ இன்டர்ஃபேசஸ்னு அடிச்சா ஏறக்குறைய இதே விஷயம் வரும்.) அவ ஸ்க்ரீன்ஷாட் அனுப்புனா. சிக்னல் -52 டிபிஎம், அது ரொம்ப நல்ல சிக்னல். பிட்ரேட், அதாவது கார்டும் ரவுட்டரும் பேசிக்கற வேகம், 72.2. எனக்கு இந்த ஒரு வரியே போதுமா இருந்துச்சு. ஒரே ஆன்டெனா, ஒரே ஸ்ட்ரீம் (ஒரே நேரத்துல ஓடற தகவல் வரிசை ஒண்ணுதான்), 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 20 மெகாஹெர்ட்ஸ் சேனல், இதுல வைஃபை 4ங்கற 802.11என் குடுக்கக்கூடிய உச்சம் அந்த 72.2தான். அதுவும் காத்துல போற ரேட்டு. வைஃபைல ஒருத்தர் பேசறப்ப மத்தவங்க காத்திருக்கணும், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதில் வரணும், இதெல்லாம் போக நமக்கு நிஜமா கைல கிடைக்கறது அதுல பாதி சொச்சம். 35, 38 எங்கேர்ந்து வந்துச்சுன்னு கணக்கு நேரா உக்காருது. சிக்னல் முழுசா இருக்கு, ரேட்டும் உச்சத்துல இருக்கு, அப்பவும் வேகம் இல்லன்னா ரவுட்டரை பக்கத்துல தூக்கிட்டு வந்து வச்சாலும் ஒரு எம்பிபிஎஸ் கூட ஏறாது.

உள்ள இருந்தது ரியல்டெக் ஆர்டிஎல்8723பிஇ. 2.4 மட்டும்தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ்னு ஒண்ணு இருக்கறதே அதுக்குத் தெரியாது. அந்த வருஷங்கள்ல வந்த விலை கம்மி லேப்டாப்ல இதுவோ, இல்ல குவால்காம் ஏதரோஸோட கியூசிஏ9565ஓ, ரெண்டுல ஒண்ணு பெரும்பாலும் இருக்கும், ரெண்டும் ஒரே ரகம், ஒரு ஆன்டெனா, 2.4 மட்டும். ஆர்டிஎல்8723பிஇக்கு லினக்ஸ்ல இன்னொரு தலைவலியும் உண்டு, ஒரு ஆன்டெனா மட்டும் மாட்டி வர்ற சில லேப்டாப்ல டிரைவர் ஆன்டெனா இல்லாத பக்கத்த தேர்ந்தெடுத்துக்கும், சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்துடும், அப்ப ஆன்ட்_செல்ங்கற டிரைவர் ஆப்ஷன்ல 1 இல்லன்னா 2 குடுத்து பாக்கணும். உங்களுக்கு சிக்னலே வரலன்னா கார்டு வாங்கறதுக்கு முன்னாடி இத ஒரு தடவை பாத்துடுங்க, காசு செலவே இல்லாம சரியாயிடும். இவளுக்கு சிக்னல் நல்லாவே இருந்ததால அந்த பேச்சுக்கே இடம் இல்ல.

சாயங்காலம் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்? அவங்க இருக்கறது திருச்சில ஒரு அபார்ட்மென்ட். வைஃபை லிஸ்ட்ட தொறந்தா மேல கீழ பக்கத்து வீடுன்னு ரவுட்டர் பேரா வந்துக்கிட்டே இருக்கும். 2.4ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல்னு பாத்தா 1, 6, 11 மூணே மூணுதான், எல்லாரும் ஆபீஸ் விட்டு வந்து டிவில படம் போட்டா அந்த மூணையும் மொத்த கட்டிடமும் பங்கு போட்டுக்கணும், அதோட ப்ளூடூத்தும் மைக்ரோவேவ் அவனும் இதே இடத்துலதான். 5 கிகாஹெர்ட்ஸ்ல இடம் தாராளம். நம்ம நாட்டுல 2018 அக்டோபர்ல 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டுல மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ லைசென்ஸ் இல்லாமயே பயன்படுத்தலாம்னு திறந்து விட்டாங்க. அது நம்ம செங்கல் சுவரத் தாண்ட கொஞ்சம் கஷ்டப்படும்ங்கறது வாஸ்தவம்தான், ஆனா அந்த கஷ்டமே இங்க நமக்கு நல்லது, பக்கத்து வீட்டு ரவுட்டரும் அதே சுவரத் தாண்டி வர முடியாதுல்ல.

இன்னொண்ணு, அவ ப்ளூடூத் ஹெட்ஃபோன் போட்டுத்தான் கிளாஸ் கேப்பா. ஒரே ஆன்டெனாவ வைஃபையும் ப்ளூடூத்தும் மாத்தி மாத்தி பயன்படுத்தற கார்டுல, வைஃபையும் 2.4லயே இருந்தா, ஏதாவது டவுன்லோடு ஓடறப்ப பாட்டு விட்டு விட்டுத்தான் கேக்கும். ஹெட்ஃபோன் கெட்டுப் போச்சுன்னு அவ நெனச்சிட்டிருந்தா. வைஃபை 5 கிகாஹெர்ட்ஸுக்கு போயிட்டா 2.4 மொத்தமும் ப்ளூடூத்துக்கு வந்துடும்.

இப்ப மாத்தறதுன்னு முடிவு. என்ன போடறது?

இதுல ஆளுங்க ஏமாறற இடம் ஒண்ணு இருக்கு. இன்டெல் கார்டுல ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201, ஏஎக்ஸ்210, ஏஎக்ஸ்211னு வரிசையா இருக்கும், பாக்க எல்லாம் ஒரே அளவு, ஒரே ஸ்லாட்டுல உக்காரும், விலையும் பக்கத்து பக்கத்துல. கடைசி எண் 1ல முடியறது சிஎன்விஐ ரகம், அதாவது கார்டோட பாதி வேலை இன்டெல் ப்ராசசர், சிப்செட் பக்கமே நடக்கும், கார்டுல இருக்கறது மிச்ச பாதி மட்டும்தான். ஏஎக்ஸ்201 பத்தாம் தலைமுறைக்கு முன்னாடி உள்ள மெஷின்ல போட்டா லேப்டாப்புக்கு கார்டு இருக்கறதே தெரியாது, ஏஎம்டி லேப்டாப்லயும் அதே கதைதான். 0ல முடியறது சாதாரண பிசிஐஇ (எல்லா கம்பெனி மெஷின்லயும் இருக்கற பொது இணைப்பு), பழைய மெஷின்லயும் வேலை செய்யும். விக்கறவங்க நிறைய பேருக்கே இது தெரியறதில்ல, "ரெண்டும் ஒண்ணுதான், இதுதான் புதுசு"ன்னு 201ஐ கைல குடுத்துடுவாங்க. பழைய வரிசையிலயும் 9260 பிசிஐஇ, 9560 சிஎன்விஐ.

இன்டெல்லோட பிஇ200 இருக்கு, வைஃபை 7. ஏஎம்டி லேப்டாப் நிறையதுல அது வேலையே செய்யறதில்ல. நமக்கு இருக்கறது வைஃபை 5 ரவுட்டர், 100 எம்பிபிஎஸ் லைன், அது தேவையும் இல்ல. ஏஎம்டி லேப்டாப்காரங்க மீடியாடெக் எம்டி7922 பக்கம் பாக்கலாம், லினக்ஸ்லயும் டிரைவர் இருக்கு.

என் மனசுல ரெண்டு கார்டு இருந்துச்சு. ஒண்ணு இன்டெல் 8265, வைஃபை 5, ரெண்டு ஸ்ட்ரீம், 867 வரைக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்ல பழைய லேப்டாப்ல இருந்து கழட்டுனது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். இன்னொண்ணு ஏஎக்ஸ்210, புதுசு, நான் பாத்தப்ப கடைக்கு கடை 1,500ல இருந்து 2,500 வரைக்கும் சொன்னாங்க. நேர்மையா சொல்லணும்னா அவங்க வீட்டுல இன்னைக்கு ரெண்டும் ஒரே வேகம்தான் குடுக்கும், ரவுட்டர் வைஃபை 5ங்கறதால 210ம் வைஃபை 5 மாதிரிதான் பேசும், அதுக்கு மேல 100 எம்பிபிஎஸ் லைன் வேற. 6 கிகாஹெர்ட்ஸ்னு 210 அட்டைல போட்டிருக்கறத பாத்தும் ஆசைப்பட வேண்டாம். இங்க 5925ல இருந்து 6425 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம பயன்படுத்த 2025 மே மாசம்தான் தொலைத்தொடர்புத் துறை வரைவு விதி வெளியிட்டாங்க, இறுதி விதி 2026 ஜனவரிலதான் வந்துச்சு, அதுக்கேத்த ரவுட்டரும் வீட்டுல வேணும்ல. அப்புறம் ஏன் 210ஐ எடுத்தேன்னா, கழட்டுன கார்டுல இருக்கற அந்த குட்டி ஆன்டெனா கனெக்டர் எனக்கு பயம். இந்த மாதிரி கனெக்டருக்கு சுமார் 30 தடவை மாட்டி கழட்டறதுதான் ஆயுசுன்னு தயாரிக்கறவங்களே கணக்கு போட்டுருப்பாங்க, ஏற்கனவே எத்தன கை பட்டு வந்திருக்குன்னு யாருக்குத் தெரியும், லூசா இருந்தா சிக்னல் வரும் போகும், காரணமும் பிடிபடாது. அதோட இந்த லேப்டாப் என்னைக்காவது ஓஞ்சு போனா 210ஐ கழட்டி அடுத்ததுல போட்டுக்கலாம். லினக்ஸ் கெர்னல் 5.10ல இருந்தே அதுக்கு டிரைவர் உள்ளயே இருக்கறதால சும்மா சொருகுனா வேலை செய்யும். பட்ஜெட் இறுக்கமா இருக்கறவங்க 8265 எடுத்தா தப்பே இல்ல, தைரியமா எடுங்க.

ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பின்பக்கத்த தொறந்து பாக்கறது கட்டாயம். சில மெல்லிசு லேப்டாப்ல, ஆப்பிள் சிலிக்கான் மேக்புக்ல எல்லாம் வைஃபை மதர்போர்டுலயே ஒட்டி இருக்கும், அங்க பேச்சே இல்ல. 2013க்கு முன்னாடி உள்ளதுல இப்ப கார்டு சொருகற எம்.2 ஸ்லாட்டுக்கு பதிலா மினி பிசிஐஇங்கற பழைய ஸ்லாட் இருக்கும், அதோட ஆன்டெனா கனெக்டரும் பெருசு, எம்.2 கார்டுல நேரா உக்காராது. அதவிட பெரிய வில்லங்கம் பயாஸ் (லேப்டாப் ஆன் ஆனதும் மொதல்ல ஓடற உள் மென்பொருள்) ஒயிட்லிஸ்ட். கம்பெனி ஒத்துக்கிட்ட கார்டு இல்லன்னா லேப்டாப் ஆன் ஆகவே விடாது. பழைய திங்க்பேட்ல, எக்ஸ்230, டி430 எல்லாம், 1802ன்னு ஒரு எரர் வந்து நின்னுடும், பழைய எச்பில 104. உங்க மாடல் பேரோட இந்த எண்ணையும் சேத்து தேடிப் பாருங்க. இன்னும் நல்லது, அந்த மாடலோட சர்வீஸ் மேனுவலை இறக்கி படிக்கறது, எந்தெந்த வைஃபை கார்டோட அந்த மாடலை வித்தாங்கன்னு அதுலயே லிஸ்ட் இருக்கும். இவ மாடலுக்கு மேனுவல்ல இன்டெல்லோட ரெண்டு ஸ்ட்ரீம் கார்டும் இருந்துச்சு, ஒயிட்லிஸ்ட் பத்தி யாரும் புலம்புன மாதிரியும் தெரியல. எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு.

ஞாயித்துக்கிழமை போய் தொறந்தேன். பேட்டரி கனெக்டரை மொதல்ல கழட்டிட்டு பாத்தா, கார்டுல ஒரே ஒரு கறுப்பு ஒயர்தான் வந்து மாட்டியிருக்கு. சாதாரணமா கறுப்பு, வெள்ளைன்னு ரெண்டு வரும். சில லேப்டாப்ல ரெண்டாவது ஒயர் டேப் போட்டு ஒட்டி உள்ளயே தூங்கிட்டு இருக்கும், அதுக்காக ஸ்க்ரீன் மடங்கற ஹிஞ்ச் வரைக்கும் தடவிப் பாத்தேன், இல்லவே இல்ல. ஒரு ஆன்டெனா கார்டு போட்டதால ஒயரையும் ஒண்ணோட நிறுத்திட்டாங்க.

பக்கத்துல நின்னு பாத்துட்டிருந்தவ, "மாமா, ஒரு ஒயர்ல புது கார்டு ஓடாதா?"ன்னு கேட்டா.

ஓடும். ஒரு ஸ்ட்ரீம்ல ஓடும், 5 கிகாஹெர்ட்ஸ் 80 மெகாஹெர்ட்ஸ் சேனல்ல 433 ரேட்டு, அதுல பாதி கணக்கு போட்டாலும் 100 எம்பிபிஎஸ் லைனுக்கு அதுவே ஜாஸ்தி. ஆனா இன்டெல் கார்டு ரெண்டு ஆன்டெனா இருக்கும்னு நம்பித்தான் ரவுட்டர்கிட்ட பேச ஆரம்பிக்கும், ஒரு பக்கம் காலியா இருந்தா சிக்னல் கொஞ்சம் தள்ளிப் போனதுமே தடுமாறும், ப்ளூடூத்தும் பல கார்டுல ரெண்டாவது ஆன்டெனா வழியாத்தான். அவ படிக்கறது ரவுட்டர்ல இருந்து ரெண்டு சுவர் தள்ளி. அதனால ரெண்டாவது ஆன்டெனாவையும் சேத்தே வாங்கிடலாம்னு முடிவு பண்ணோம். லேப்டாப்புக்குன்னு மெல்லிசு ஒட்டற ஆன்டெனா ஒயரோட வரும், எம்.2 கார்டுக்கு ஏத்த எம்எச்எஃப்4ங்கற குட்டி கனெக்டர்தானான்னு மட்டும் பாத்து வாங்கணும், 2.4, 5 ரெண்டுக்கும் ஆனதான்னும் பாத்துக்கங்க.

எங்க ஒட்டறதுங்கறது அடுத்த கேள்வி. கம்பெனில ஸ்க்ரீனோட மேல் விளிம்புல வைப்பாங்க, அதுதான் நல்ல இடம், ஆனா அதுக்கு ஸ்க்ரீனைச் சுத்தி இருக்கற பெசலை கழட்டி ஹிஞ்ச் வழியா ஒயர் இழுக்கணும், பத்து வருஷ பிளாஸ்டிக், கிளிப் உடைஞ்சா அக்காகிட்ட யாரு பதில் சொல்றது. இந்த லேப்டாப்ல டிவிடி டிரைவ் இருந்துச்சு, அவ அத ஒரு நாளும் தொட்டதில்ல. அத உருவி எடுத்துட்டு முன்பக்க பிளாஸ்டிக் மூடியை மட்டும் திரும்ப மாட்டிட்டு, அந்த காலி இடத்துல வெளி விளிம்பு ஓரமா ஆன்டெனாவ ஒட்டுனேன். சுத்தியும் பிளாஸ்டிக்தான், இரும்புத் தகடு பக்கத்துல வரல, ஒயரும் ஃபேன்ல சிக்காம போயிடுச்சு. கனெக்டரை மாட்டறப்ப கார்டு மேல நேரா வச்சு விரலால மெதுவா அழுத்தணும், டக்குனு ஒரு சின்ன சத்தம் வரும், சரியா உக்காராம பலமா அழுத்துனா நடு ஊசி வளைஞ்சுடும், அப்புறம் புது கார்டும் வீண்தான்.

விண்டோஸ்ல பண்றவங்க ஒண்ணு மறக்காதீங்க, புது கார்டோட டிரைவரை முன்னாடியே பென்டிரைவ்ல இறக்கி வச்சுக்கங்க, கார்டு மாத்தி ஆன் பண்ணதும் நெட்டு இருக்காது. ஏஎக்ஸ்200, 210க்கு 64 பிட் விண்டோஸ் 10, 11க்குத்தான் இன்டெல் டிரைவர் தர்றாங்க. விண்டோஸ் 7 இன்னும் வச்சிருக்கறவங்களுக்கு 8265 மாதிரி பழசுதான் சரி.

ஆன் பண்ணி அதே கமாண்ட் அடிச்சோம். ரவுட்டர் பக்கத்துல 866.7, அவ ரூம்ல இருந்து பாத்தா 400, 500ன்னு மாறி மாறி காட்டுச்சு, ஸ்பீடு டெஸ்ட்ல எங்க உக்காந்தாலும் 95 பக்கம், அதாவது ப்ளான் எவ்வளவோ அவ்வளவு. எனக்கு அதவிட சந்தோஷம் ராத்திரி எட்டு மணிக்கு கிளாஸ் ரெக்கார்டிங் ஓட்டிக்கிட்டே ஹெட்ஃபோன்ல கேட்டப்ப ஒரு தடவை கூட விடல. அக்கா வந்து எட்டிப் பாத்துட்டு, "ஏன்டா, அப்ப புதுசு வேண்டாமா?"ன்னு கேட்டா. "டிகிரி முடியற வரைக்கும் இதுவே போதும்க்கா"ன்னு சொன்னேன்.

இந்த கார்டு வேண்டாம், யூஎஸ்பி போர்ட்டுல சொருகற குட்டி வைஃபை டாங்கிள் வாங்கிக்கலாமேன்னு கேப்பீங்க. கார்டு மாத்தவே முடியாத மெஷினுக்கும், ஒயிட்லிஸ்ட் உள்ளதுக்கும் அதுதான் வழி, ரெண்டு பேண்டும் உள்ளதா பாத்து எடுங்க, 2.4 மட்டும் உள்ள விலை கம்மி டாங்கிள் வாங்குனா ஏற்கனவே இருக்கற பிரச்சனையவே காசு குடுத்து இன்னொரு தடவை வாங்குன மாதிரி. லினக்ஸ்னா டாங்கிள்ல எந்த சிப்புன்னு பாத்து வாங்கணும், சிலதுக்கு டிரைவரை நாமளே கம்பைல் பண்ண வேண்டியிருக்கும். யூஎஸ்பி 3 போர்ட்டே 2.4 கிகாஹெர்ட்ஸ்ல இரைச்சல் கிளப்பும், இன்டெல்லே 2012ல இத பத்தி ஒரு அறிக்கை போட்டாங்க, அதனால டாங்கிளை ஹார்டு டிஸ்க் கேபிள் பக்கத்துல சொருகாதீங்க. மாணவர்களுக்கு நான் டாங்கிள் சொல்ல மாட்டேன், பைல வச்சு எடுக்கறதுல அது உடையும், இல்ல தொலையும்.

என் லேப்டாப்பையும் இதோட மாத்திடலாம்னு கை அரிச்சுது, உண்மைதான், கருவியெல்லாம் வெளிய எடுத்து வச்சாச்சு, இன்னொரு 210 ஆர்டர் போட எவ்வளவு நேரம். அதுல இருக்கறது 8265, ரெண்டு ஒயரும் இருக்கு, 5 கிகாஹெர்ட்ஸ்ல 866 காட்டுது, வீட்டு லைன் 200, அந்த 200ம் முழுசா வருது. வீட்டுக்குள்ளயே பெரிய ஃபைல் ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு மாத்தற வேலை எனக்கு கிடையாது. அதனால அத தொடல. ரவுட்டர் என்னைக்கு வைஃபை 6க்கு மாறுதோ அன்னைக்கு யோசிக்கலாம், அதுவும் அப்ப லைன் 500க்கு மேல இருந்தா.